அந்தக் கழுத்துப் பலகைப் படங்கள் எவ்வளவு நிஜம்?

உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் தொடர வசதியாக இருக்கும். "சீனப் பேரரசர் காலத்துத் தண்டனைகள்" என்று வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் வந்திருக்கின்றன. ஒன்றில் மூன்று பேர் கழுத்தில் பெரிய சதுரப் பலகையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொன்றில் ஒரு மரக்கூண்டு, அதன் மேல்பக்க ஓட்டை வழியாக ஒரு மனிதனின் தலை. மூன்றாவதில் ஒருவன் வாளை ஓங்கி நிற்கிறான், முன்னால் மண்டியிட்ட கைதி. நான்காவதில் கடற்கரையில் தலையில்லாத உடல்கள், பின்னால் தொப்பியும் கோட்டும் போட்ட வெள்ளைக்காரர்கள். இவை நிஜமா, சீனாவில் இது தினமும் நடந்ததா, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வரலாற்று வகுப்பில் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்று நினைக்கிறேன்: ஒரு சமூகம் எப்படிப்பட்டது என்பதை நாலு படத்தை வைத்து முடிவு செய்யலாமா? அதற்கும் சேர்த்துத்தான் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

சுருக்கமாக வேண்டுமென்றால் இதுதான். அந்தத் தண்டனைகள் நடந்தவை, யாரும் இட்டுக்கட்டியதில்லை. படங்களில் சில நடந்ததை நடந்தபடி எடுத்தவை, சில ஆள் வைத்து நடிக்கச் சொல்லி எடுத்தவை. படங்களோடு சுற்றும் குறிப்புகளில் பெரும்பகுதி நம்பத் தகாதது. நான் வரலாறு படித்தவன், பழைய புகைப்படங்களுக்குக் காலமும் இடமும் கணித்துப் பட்டியல் போடும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன், அதனால் படங்களைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேச முடியும். சீனச் சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறேன், எனவே சட்டத்தைப் பற்றிச் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், அது தெரியாமல் படத்தைப் பார்த்தால் கண்ணில் படுவதெல்லாம் வெறும் கொடூரமாகத்தான் இருக்கும். சிங் வம்சம் 1644 முதல் 1912 வரை ஆண்டது. அதன் சட்டத் தொகுப்பில் தண்டனைகள் ஐந்து படிகளாக இருந்தன: மெல்லிய மூங்கிலால் அடி, கனத்த மூங்கிலால் அடி, சில வருடக் கட்டாய உழைப்பு, தொலைதூர மாகாணத்துக்கு நாடு கடத்தல், மரணம். மரணத்திலும் இரண்டு வகை, கழுத்தை நெரிப்பதும் தலையை வெட்டுவதும். நெரிப்பதுதான் நமக்கு மோசமாகத் தோன்றும், ஆனால் அவர்கள் கணக்கில் அது சிறிய தண்டனை, ஏனென்றால் பெற்றோர் தந்த உடல் சிதையாமல் முழுதாக மண்ணுக்குப் போகிறது. இந்த ஐந்துக்கும் மேலே லிங்ச்சி என்ற ஒன்று, உடலைத் துண்டு துண்டாக வெட்டிக் கொல்வது. அரசத் துரோகம், பெற்றோரைக் கொல்வது, ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொல்வது போன்ற குற்றங்களுக்கு மட்டும் அது. சிறைவாசம் இந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். சிறை என்பது விசாரணைக்கோ தண்டனைக்கோ காத்திருக்கும் இடம், குற்றம் செய்யாத சாட்சிகளும் அங்கே கிடந்து வாடினார்கள். குற்றத்தை வாயால் ஒப்புக்கொண்டால்தான் வழக்கு முடியும் என்பதால் விரல்களையும் கணுக்கால்களையும் நெரிக்கும் கருவிகளுக்குச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. அதே சட்டம்தான் 100 அடி என்று தீர்ப்பு எழுதினால் 40 அடி அடித்தால் போதும் என்றும் சொன்னது. கொடுமையும் கணக்கும் ஒன்றாக இருந்த அமைப்பு அது.

மரண தண்டனை வழக்குகள் எப்படி நடந்தன என்பது பலருக்குத் தெரியாத விஷயம். மாவட்ட அதிகாரி தன் விருப்பத்துக்கு யார் தலையையும் வாங்கிவிட முடியாது. வழக்கு மாவட்டத்திலிருந்து மாகாணத்துக்கும் அங்கிருந்து பெய்ஜிங்குக்கும் படிப்படியாக ஏறும், ஒவ்வொரு படியிலும் விசாரணையோ சரிபார்ப்போ நடக்கும். உடனே நிறைவேற்ற வேண்டியவை என்று ஒதுக்கியவை போக, மற்றவை இலையுதிர் காலத்தில் கூடும் மறுபரிசீலனைக்குக் காத்திருக்கும். அங்கேயும் கடைசியாகப் பேரரசர் சிவப்பு மையால் பெயரைக் குறித்தால்தான் மரணம். வருடக்கணக்கில் பெயர் குறிக்கப்படாமலே இருந்து, பிறகு தண்டனை குறைந்து உயிர் தப்பியவர்கள் நிறையப் பேர். காகிதத்தில் பார்த்தால் அன்றைய உலகில் பல அரசுகளைவிடக் கவனமான ஏற்பாடு.

இந்த ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உடைந்தது. 1850இல் தொடங்கிய தைப்பிங் கிளர்ச்சி தென் சீனாவையே புரட்டிப் போட்டது, 1864 வரை நீடித்தது. கைதிகளைப் பெய்ஜிங் விசாரிக்கும்வரை வைத்துக் காப்பாற்ற ஆளும் இல்லை, பணமும் இல்லை, வழியும் பாதுகாப்பாக இல்லை. 1853இல், கொள்ளையரையும் கிளர்ச்சிக்காரரையும் பிடித்த இடத்திலேயே கொல்லலாம் என்று மாகாண அதிகாரிகளுக்கு அனுமதி கிடைத்தது. போர்க்காலத்துக்காகக் கொடுத்த அதிகாரம், போர் முடிந்த பிறகும் போகவில்லை. பேரரசு முடியும்வரை மாகாணங்கள் அதை விட மறுத்தன. இப்போது உங்கள் படங்களின் காலத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். சீனாவில் வெளியே தூக்கிப்போய்ப் படம் எடுக்கும் அளவுக்குப் புகைப்படக் கலை பரவியது 1860க்குப் பிறகு. அதாவது நமக்குக் கிடைத்திருக்கும் அத்தனை படங்களும், மறுபரிசீலனை முறை செயலிழந்து, பிடித்தவுடன் வெட்டும் வழக்கம் வந்த பிறகு எடுத்தவை. இரண்டாயிரம் வருடச் சீனத்தின் முகம் என்று நாம் பார்ப்பது, சிதைந்துகொண்டிருந்த ஒரு அரசின் கடைசி ஐம்பது வருடம். என் பதிலில் ஒரு விஷயத்தை மட்டும் வகுப்புக்கு எடுத்துப் போக முடியுமென்றால் இதை எடுத்துப் போங்கள்.

அந்தக் காலத்துக் கொலைகளின் அளவு சின்னதில்லை, அதை மழுப்புவதற்காக இதைச் சொல்லவில்லை. 1855இல் குவாங்சோவில் (நம் பழைய புத்தகங்களில் காண்டன்) ஒரு கிளர்ச்சியை அடக்கியபோது பல்லாயிரம் பேர் தலை வெட்டப்பட்டார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் 1854இல் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்த யுங் விங் என்ற சீன இளைஞர் அந்தக் கொலைக்களத்தைப் போய்ப் பார்த்தார். சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை, அந்தக் காட்சி இரவும் பகலும் துரத்தியது என்று பின்னாளில் எழுதினார். அந்த இடம் சாதாரண நாளில் குயவர்கள் பானை காய வைக்கும் ஒரு சந்து. பிற்காலத்தில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளை வழிகாட்டிகள் அங்கே கூட்டிப் போய்க் காட்டினார்கள், தண்டனை இல்லாத நாளில் பானைகளைப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

சரி, படங்களுக்கு வருகிறேன். முதல் படம், கழுத்துப் பலகை. இது சட்டப்படியான கருவி. நடுவில் கழுத்துக்கு ஓட்டை விட்ட இரண்டு பாதிப் பலகைகளைச் சேர்த்துப் பூட்டுவார்கள். சிங் சட்டத்தில் இதன் எடை 25 ஜின் என்று வரையறுத்திருந்தது, நம் கணக்கில் ஏறக்குறைய 15 கிலோ. கடுமையான குற்றத்துக்கு 35 ஜின் பலகையும் இருந்தது. திருட்டு, சூதாட்டம் போன்றவற்றுக்கு மூங்கிலடியோடு சேர்த்து இதைப் போடுவார்கள், சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை. மஞ்சு படைக்குடிகளுக்கு (மஞ்சு என்பது சிங் அரச வம்சத்தின் இனம்) ஒரு சலுகை இருந்தது, நாடு கடத்தலுக்குப் பதிலாகக் குறிப்பிட்ட நாட்கள் பலகை மாட்டிக்கொண்டால் போதும். பலகையின் அகலத்தால் கை வாய்க்கு எட்டாது, யாராவது ஊட்டினால்தான் சோறு. குடும்பம் இருந்தால் குடும்பம், இல்லையென்றால் தெருவில் போகிறவர்களின் இரக்கம். முகத்தில் உட்கார்ந்த ஈயைக்கூட ஓட்ட முடியாது, படுத்துத் தூங்க முடியாது. அதிகாரியின் அலுவலக வாசலிலோ குற்றம் நடந்த இடத்திலோ நிறுத்துவார்கள், வலியைவிட அவமானம்தான் அதன் நோக்கம்.

இந்தப் படங்களில் எனக்கு மிகவும் பயன்படுவது பலகையில் ஒட்டியிருக்கும் காகிதப் பட்டைகள். அதில் கைதியின் பெயர், குற்றம், எத்தனை நாள் என்பதெல்லாம் எழுதி முத்திரை வைத்திருப்பார்கள். தெளிவான பிரதி கிடைத்து, சீன எழுத்துப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினால், "அறியப்படாத சீனக் குற்றவாளி" என்று நூறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்கு ஒரு பெயரும் ஊரும் கிடைத்துவிடலாம். எடுத்தவர் வாங்கவில்லை, விற்றவர் கேட்கவில்லை, ஆனால் அந்த மனிதனின் பெயர் படத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது! உங்களுக்கு வந்த பிரதி மங்கலாக இருப்பதால் என்னால் எதையும் படிக்கச் சொல்ல முடியவில்லை. மூன்று பேர் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் விதத்தையும், பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் பையன் அசைந்து மங்கியிருப்பதையும் வைத்து இது தெருவில் எடுத்த நிஜப் படம் என்று நினைக்கிறேன், நினைக்கிறேன் என்பதற்கு மேல் போக மாட்டேன். இதே மாதிரிப் படத்தில் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர் நின்றால், அது ஷாங்காயின் வெளிநாட்டுக் குடியிருப்பாக இருக்க வாய்ப்பு அதிகம், 1880களிலிருந்து அங்கே போலீஸ் வேலைக்குச் சீக்கியர்களை எடுத்தார்கள். அந்தக் குடியிருப்பில் 1864 முதல் ஒரு கலப்பு நீதிமன்றம் இருந்தது, சீன நடுவர் ஒருவரும் வெளிநாட்டுத் தூதரகத்தின் ஆள் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து வழக்குக் கேட்பார்கள். ஷாங்காயில் எடுத்த பல பலகைப் படங்களுக்குப் பின்னால் இருப்பது அந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு. அதாவது "பார், சீனர்களின் காட்டுமிராண்டித்தனம்" என்று ஐரோப்பாவுக்குப் போன தபால் அட்டையில் உள்ள தண்டனை, ஐரோப்பியர் பக்கத்தில் உட்கார்ந்து விதித்ததாகவே இருக்கலாம். இதை அந்த அட்டைகள் சொல்லவில்லை.

இரண்டாவது படம், கூண்டு. இது சட்டத்தில் உள்ள ஐந்து தண்டனைகளில் எதிலும் வராது. கைதியின் கழுத்து மேல் சட்டத்தில் மாட்டியிருக்கும், காலடியில் செங்கல்லோ கல்லோ வைத்திருப்பார்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தால் உடல் எடை முழுவதும் கழுத்தில் தொங்கும். உள்ளூர் அதிகாரிகள் கொள்ளையரை மிரட்டத் தங்கள் இஷ்டத்துக்குப் பயன்படுத்திய கருவி இது. ஷான்டோங் மாகாணத்தில் சாவ்சோவின் அதிகாரியாக இருந்த யூசியன் இதற்குப் பேர்போனவர். கொள்ளையரோடு அப்பாவிகளையும் கூண்டில் நிறுத்திக் கொன்றார் என்று சீனர்களே அவரைப் பழித்து எழுதினார்கள். கூண்டுப் படங்கள் சில நிஜமானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எல்லாக் கூண்டும் கொல்லும் கூண்டு இல்லை. ஊர்வலமாகத் தூக்கிப் போகவும், வாசலில் வைத்துக் காட்டவும் பயன்பட்டவை உண்டு. உங்கள் படத்தில் கால் பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. பாதம் தரையில் நன்றாக ஊன்றியிருக்கிறதா, நுனிவிரலில் நிற்கிறதா என்று தெரியாமல் எந்த வகை என்று சொல்ல வழியில்லை. யாராவது முழுப் படம் கிடைத்தால் அனுப்புங்கள்.

மூன்றாவது படம், ஓங்கிய வாள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உறுதியாகச் சொல்ல முடிகிறது. 1850களிலிருந்து 1870களின் கடைசி வரை வெளியில் படம் எடுத்தவர்கள் பயன்படுத்தியது ஈரத் தகடு முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான ரசாயனத்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, அது காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் முடிக்க வேண்டும், எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்துக்குள். அதற்காக ஒரு இருட்டுக் கூடாரத்தையே தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். நல்ல வெயிலிலும் தகடு சில நொடிகள் ஒளி வாங்க வேண்டும். அத்தனை நொடிகள் வாளை ஓங்கியபடி ஒருவன் ஆடாமல் நிற்கிறான், வாளின் நுனிகூடக் கூர்மையாகப் பதிந்திருக்கிறது என்றால், அவன் நிற்கச் சொன்னதால் நிற்கிறான். உங்கள் படம் ஷாங்காயில் 1862இல் ஸ்டூடியோ திறந்த வில்லியம் சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் எடுத்த வகையைச் சேர்ந்தது. சீன வாழ்க்கைக் காட்சிகள் என்று அவர் ஒரு தொடரே விற்றார், அதில் கல்யாணமும் உண்டு, தள்ளுவண்டியும் உண்டு, கழுத்துப் பலகையும் உண்டு, தலை வெட்டும் உண்டு. அந்தத் தலைவெட்டு ஆள் வைத்து ஏற்பாடு செய்து எடுத்த காட்சி. எடுத்த பிறகு அந்தக் 'கைதி' எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார். இப்படிப்பட்ட தொடர்களில் அடையாளம் கண்டுபிடிக்க எளிய வழி, முழுத் தொடரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். ஒன்றில் நடுவராக உட்கார்ந்தவர் இன்னொன்றில் கடைக்காரராக வந்தால், பின்னால் உள்ள சுவரும் தரையும் ஒன்றாகவே இருந்தால், விஷயம் புரிந்துவிடும். நடித்து எடுத்தது என்பதால் அது பொய் என்று ஆகிவிடாது. உண்மையில் நடந்த ஒன்றைத்தான் நடித்துக் காட்டியிருக்கிறார்கள், உடையும் கருவியும் பல நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் அது ஒரு சம்பவத்தின் சாட்சி இல்லை, விற்பனைக்காகத் தயாரித்த விளக்கப்படம்.

நான்காவது படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் தப்பான குறிப்போடு இதை இணையத்தில் பார்க்காத மாதமே இல்லை. "1900, பாக்சர் கிளர்ச்சியாளர்களின் மரண தண்டனை" என்றுதான் உங்களுக்கும் வந்திருக்கிறது. பாக்சர்கள் என்பது வெளிநாட்டவரை எதிர்த்துக் கிளம்பிய சீனக் கிளர்ச்சிக் கூட்டம். ஆனால் அது 1900 இல்லை, பாக்சர்களும் இல்லை. 1890 டிசம்பர் 10ஆம் தேதி ஹாங்காங்கிலிருந்து ஷான்டோவ் நோக்கிப் புறப்பட்ட நமோவா என்ற பிரிட்டிஷ் நீராவிக் கப்பலில், பயணிகள் போல ஏறியிருந்த கடற்கொள்ளையர் கேப்டனைக் கொன்று, பயணிகளின் பணத்தைக் கொள்ளையடித்துக்கொண்டு போனார்கள். சீன அதிகாரிகள் தேடிப் பிடித்தார்கள். 1891 ஏப்ரலில் கௌலூன் கடற்கரையில் வைத்துத் தலை வெட்டினார்கள். அந்தப் பகுதி அப்போது பிரிட்டிஷார் கையில் இல்லை, 1898இல்தான் குத்தகைக்குப் போனது. ஆனால் ஹாங்காங்கிலிருந்து படகில் கொஞ்ச நேரம்தான், வெள்ளைக்காரர்கள் வந்து பார்த்தார்கள், உடல்களுக்குப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பத்து வருடம் கழித்து பாக்சர் செய்தி உலகமெங்கும் பரவியபோது, கையில் இருந்த பழைய படத்துக்குப் புதுக் குறிப்பு ஒட்டி விற்றார்கள். அன்று ஒட்டியது இன்று வாட்ஸ்அப்பிலும் அப்படியே ஓடுகிறது, இப்போது செயற்கை நுண்ணறிவால் நிறம் வேறு ஏற்றி விடுகிறார்கள், ரத்தத்தின் சிவப்பு எந்த அசல் தகட்டிலும் இல்லை.

காலத்தைக் கணிக்க உதவும் வேறு சில தடயங்களையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அடுத்த முறை உதவும். முன்தலையை மழித்துப் பின்னால் சடை விடுவது சிங் ஆட்சியில் 1645 முதல் ஆண்களுக்குக் கட்டாயம். படத்தில் கைதி, காவலர், வேடிக்கை பார்ப்பவர் யாருக்குமே சடை இல்லையென்றால் அது 1911க்குப் பிந்தையது, பேரரசோடு அதற்குச் சம்பந்தமில்லை. 1927இல் ஷாங்காயிலும் குவாங்சோவிலும் தெருவில் நடந்த கொலைகளின் படங்கள் நிறைய இருக்கின்றன, அவையும் "பேரரசர் காலம்" என்ற பெயரில் சுற்றுகின்றன. தபால் அட்டையாக இருந்தால் திருப்பிப் பாருங்கள். செய்தி எழுத ஒரு பாதி, முகவரிக்கு ஒரு பாதி என்று பின்பக்கத்தைப் பிரிக்க பிரிட்டன் 1902இல் அனுமதித்தது, பிரான்ஸ் 1904, ஜெர்மனி 1905, அமெரிக்கா 1907. அதை வைத்து அட்டை எப்போது அச்சானது என்று கணிக்கலாம், படம் எப்போது எடுத்தது என்பது வேறு, நமோவா படத்தில் பார்த்தது போல.

1900 ஒரு திருப்பம். அந்த வருடம் பிப்ரவரியில் ஈஸ்ட்மன் கோடாக் ஒரு டாலர் விலையில் பிரௌனி கேமராவை விற்க ஆரம்பித்தது, ஆகஸ்டில் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்குக்குள் நுழைந்தன. அதுவரை ஸ்டூடியோக்காரர் மட்டும் செய்ததைச் சிப்பாயும் செய்ய முடிந்தது. 1901 பிப்ரவரி 26 அன்று சீசியூ, சூ செங்யூ என்ற இரண்டு உயர் அதிகாரிகளைப் பெய்ஜிங்கில் வெட்டினார்கள், வெளிநாட்டு வல்லரசுகள் கேட்டுக்கொண்டதன் பேரில். சுற்றிலும் வெளிநாட்டுப் படை, கேமராக்கள். அந்த வருடத்துப் படங்களில் சீனச் சட்டத்தைப் பார்க்கிறோமா, ஆக்கிரமிப்புப் படையின் பழிவாங்கலைப் பார்க்கிறோமா என்று பிரிப்பது கஷ்டம். தியான்ஜினில் அமெரிக்கக் குதிரைப்படை பிடித்து வந்த "பாக்சர் கைதிகள்" என்று ஒரு பிரபலமான ஸ்டீரியோஸ்கோப் படம் (கருவி வழியாகப் பார்த்தால் ஆழத்தோடு தெரியும் இரட்டைப் படம்) இருக்கிறது. வெறும் உடம்போடு மண்ணில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர்கள் பாக்சர்களா, வயலிலிருந்து இழுத்து வந்த விவசாயிகளா என்பதற்குப் படத்துக்குள் எந்த ஆதாரமும் இல்லை. பிடித்தவன் சொன்னதுதான் ஆதாரம்.

லிங்ச்சி படங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தத் தேடலில் இறங்கினால் அவை கண்ணில் படாமல் போகாது. 1904, 1905இல் பெய்ஜிங்கில் நடந்த மூன்று தண்டனைகளைப் பிரெஞ்சுத் தூதரகக் காவல் படையினர் படம் எடுத்தார்கள். அவற்றில் ஒருவர் ஃபூசூலி, தன் மங்கோலிய எஜமானரைக் கொன்றவர், 1905 ஏப்ரல் 10 அன்று நிறைவேறியது. இரண்டு வாரம் கழித்து ஏப்ரல் 24 அன்று லிங்ச்சி சட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது. 1961இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பத்தாய் ஒரு நூலில் ஒரு லிங்ச்சி படத்தைப் போட்டு அது ஃபூசூலி என்று எழுதினார், பல தலைமுறை அறிவுஜீவிகள் அதை அப்படியே நம்பினார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் படங்களை ஒப்பிட்டு அது வேறு ஒருவர் என்று காட்டினார்கள். அந்த மனிதருக்கு இன்றுவரை பெயர் இல்லை. அவர் முகத்தில் ஏதோ பரவசம் தெரிகிறது என்று பத்தாய் எழுதியதை நான் ஏற்கவில்லை. அது ஓபியத்தின் மயக்கமா, நரம்பின் அதிர்ச்சியா, கேமராவின் ஒரு கணமா என்று எந்தப் படத்தாலும் சொல்ல முடியாது. வேதனையில் இருப்பவன் முகத்தில் தத்துவம் தேடுவது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

இந்தப் படங்களை யார் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று கேட்டால் பல முடிச்சுகள் அவிழும். கேமரா வருவதற்கு முன்பே சந்தை இருந்தது. 1801இல் லண்டனில் சீனத் தண்டனைகளைப் பற்றி மட்டுமே 22 வண்ணச் சித்திரங்களோடு ஒரு புத்தகம் வந்தது. படம் எடுத்தவர்கள் அந்தச் சித்திரங்களில் இருந்த அதே நிலைகளையே திரும்ப எடுத்தார்கள், ஏனென்றால் வாங்குகிறவர் அதைத்தான் எதிர்பார்த்தார். அரசியலும் இருந்தது. சீனச் சட்டம் காட்டுமிராண்டித்தனமானது, எனவே எங்கள் குடிமக்கள் அதற்குக் கட்டுப்பட மாட்டார்கள் என்பது வெளிநாட்டவர் வாதம். சட்டத்தைத் திருத்தினால் அந்தத் தனி உரிமையை விட்டுவிடுகிறோம் என்று 1902 ஒப்பந்தத்தில் பிரிட்டன் எழுதிக் கொடுத்தது. மூன்றே வருடத்தில் சீனா லிங்ச்சியையும், வெட்டிய தலையைக் காட்சிக்கு வைப்பதையும், முகத்தில் பச்சை குத்துவதையும் ஒழித்தது. பிரிட்டன் அந்த உரிமையை விட்டது 1943இல்.

அப்படிக் காட்டுமிராண்டித்தனம் என்று சொன்னவர்களின் ஊர்க் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் தலையையும் கைகளையும் தொழுமரத்தில் மாட்டித் தெருவில் நிறுத்தும் தண்டனை 1837 வரை இருந்தது, பொது இடத்தில் தூக்கிலிடுவது 1868 வரை. பிரான்ஸ் கடைசியாகக் கூட்டத்தின் முன்னால் தலை வெட்டியது 1939இல், வெர்சாயில். அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கும்பல் தூக்கிலிட்ட படங்களைத் தபால் அட்டையாக விற்றார்கள், 1908இல் தபால் துறை தடை செய்யும் அளவுக்கு. நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தின் எலும்பும் தோலுமான மனிதர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள், அவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்தவர் மதராஸ் ராணுவத்தின் அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர். அவரே 1886இல் மாண்டலேயில் பர்மியக் கைதிகளைச் சுட்டுக் கொல்லும்போது, குண்டு பாயும் கணத்தைத் தகட்டில் பிடிப்பதற்காக உத்தரவைத் தாமதப்படுத்தினார் என்று புகார் எழுந்து, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போய், விசாரணை நடந்து கண்டிக்கப்பட்டார். பட்டினி கிடந்த நம் முன்னோரை வரிசையாக உட்கார வைத்த அதே கேமரா என்று தெரிந்த பிறகு, கழுத்துப் பலகைப் படத்தை முன்பு போல என்னால் பார்க்க முடிவதில்லை.

சீனர்கள் இதையெல்லாம் எப்படிப் பார்த்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் பதில் பாதியில் நின்றுவிடும். அவர்களுக்கு உறைக்கவில்லை என்பது போல எழுதுகிறார்கள், அது தப்பு. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே லூ யோ என்ற பெருங்கவிஞர் லிங்ச்சியை எதிர்த்து எழுதியிருக்கிறார். 1905இல் அதை ஒழிக்க மனு கொடுத்த இருவரில் ஒருவர் ஷென் ஜியாபென், பழைய சீனச் சட்டத்தில் கரை கண்டவர். மற்றவர் வூ டிங்ஃபாங், மலாக்காவில் பிறந்து லண்டனில் பாரிஸ்டர் ஆனவர். ஷென் தன் வாதத்தைச் சீனாவின் பழைய நூல்களிலிருந்தே எடுத்து வைத்தார், மேற்கைப் பார்த்து மட்டும் பேசவில்லை. அப்புறம் நவீன சீன இலக்கியத்தின் முன்னோடி எழுத்தாளர் லூ சுன். ஜப்பானின் செண்டாய் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, வகுப்பில் போட்ட ஸ்லைடு ஒன்றில், ரஷ்யர்களுக்கு உளவு பார்த்ததாக ஒரு சீனனை ஜப்பானியர் தலை வெட்டப் போகும் காட்சியைப் பார்த்தார். சுற்றி நின்று வேடிக்கை பார்த்த சீனர்களின் முகங்கள்தான் அவரைத் தைத்தது. உடலுக்கு வைத்தியம் பார்த்து என்ன பயன் என்று 1906இல் மருத்துவத்தை விட்டு எழுத வந்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பிட்ட ஸ்லைடை ஆய்வாளர்கள் தேடியும் கிடைக்கவில்லை, எனவே அவர் நினைவு எந்த அளவுக்குத் துல்லியம் என்பது திறந்த கேள்வி. ஆனால் ஒரு தண்டனைப் படத்தை ஒரு சீனர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியாது.

வகுப்புக்குக் காட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில்: முதல் படத்தையும் மூன்றாவதையும் காட்டுங்கள். ஒன்று தெருவில் எடுத்தது, இன்னொன்று ஏற்பாடு செய்து எடுத்தது. எது எது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், ஈரத் தகடு எத்தனை நொடி ஒளி வாங்கும் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள், மீதியை அவர்களே சொல்வார்கள். கூண்டுப் படத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம், என்னவென்று நமக்கே உறுதியில்லை. கடற்கரைப் படத்தை அந்த வயதுப் பிள்ளைகளுக்கு முழுதாகப் போட வேண்டாம் என்பது என் கருத்து. காட்டியே ஆக வேண்டுமென்றால் கீழ்ப்பாதியை மறைத்து, நிற்கிறவர்களை மட்டும் காட்டுங்கள், அவர்கள் ஏன் அங்கே வந்தார்கள் என்று கேளுங்கள். அதன் அடியில் "கௌலூன், 1891 ஏப்ரல், நமோவா கப்பல் கொள்ளைக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள்" என்று எழுதுங்கள். மூன்றாவதுக்கு "ஷாங்காய், ஸ்டூடியோவில் ஏற்பாடு செய்த காட்சி" என்று போதும். முதல் படத்துக்கு ஊரும் வருடமும் போடாதீர்கள். நல்ல பிரதி கிடைத்தால் இங்கேயே போடுங்கள், பலகையில் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரிந்த நண்பர்கள் இந்தத் தளத்தில் இருக்கிறார்கள்.